லாக்புக்கில் ஒட்டிய பாதி முடி

போன வாரம் கவிதா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் விட்டுவந்த வேலையில் இப்போது இருப்பவள். குழந்தையைப் பார்க்க வந்ததாகச் சொன்னாள். காபி ஆறுவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"அக்கா, மூணாவது லாக்புக்குல ஒரு பக்கத்துல பாதி முடி ஒட்டியிருக்குதுங்க. கீழ 'மீதிப் பாதியைப் பெற்றுக்கொண்டேன், பழனியம்மாள்'னு ஒரு கையெழுத்து. யாருங்கக்கா அந்தப் பழனியம்மாள்? முன்னாடி இருந்த சயின்டிஸ்ட்டுங்களா?"

சமையலறையில் இருந்த என் மாமியார் பழனியம்மாள் முறுக்குத் தட்டோடு வெளியே வந்தார். "சயின்டிஸ்ட்டேதான் அம்மணி. எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு கவிதா என்னை விடவில்லை. ஆய்வுக்கூடத்தில் பழைய குமிழிக் குழாயைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் மீட்டர் வைக்கப் போகிறார்களாம். துறையின் ஆண்டு மலருக்கு நான் ஏதாவது எழுத வேண்டுமாம். 'ஓய்வு பெற்றோர் பக்கம்' என்று ஒரு பகுதி இருக்கிறதாம். எனக்கு வயது முப்பத்திரண்டு. இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன். அது ஓய்வா என்று என் வீட்டுக்கு வந்து ஒரு நாள் இருந்து பார்த்தால் தெரியும். ஆனாலும் கேட்டதை மறுக்கத் தெரியாத சுபாவம் எனக்கு. மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டு நான்காவது முறையாக இதை எழுதுகிறேன். இதிலும் ஏதாவது பிழை இருக்கும். எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்து, கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் திட்ட உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் மூன்று மாதம் கண்ணாடிக் குழாய் கழுவினேன். அடுத்த மூன்று மாதம் கழுவிய குழாய் ஏன் இன்னும் சுத்தமாக இல்லை என்று கேட்டுக்கொண்டேன். அத்தோடு பயிற்சி முடிந்தது.

எங்கள் வேலை இதுதான். அலுமினியத் தகட்டை அமிலத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால் அதில் மிக நுண்ணிய துளைகள் நேர் நேராக விழும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய இருபது நானோமீட்டர் அகலம். அந்தத் துளைகள் வழியாக வாயுக்கள் எப்படிப் போகின்றன என்று அளக்க வேண்டும். அளப்பதற்குக் குமிழிக் குழாய். கோடு போட்ட நிமிர்ந்த கண்ணாடிக் குழாய். அடியில் சோப்புக் கரைசல் நிரப்பிய ரப்பர் குமிழ். குமிழை அமுக்கினால் ஒரு சோப்புப் படலம் உருவாகும். தகட்டைத் தாண்டி வரும் வாயு அந்தப் படலத்தை மேலே தள்ளிக்கொண்டு போகும். கீழ்க் கோட்டில் ஸ்டாப்வாட்சை அமுக்கி, மேல் கோட்டில் நிறுத்த வேண்டும். கண் கோட்டின் மட்டத்தில் இருக்க வேண்டும். மூச்சு குழாயின் மேல் படக் கூடாது. படலம் பாதி வழியில் உடைந்தால் மறுபடி முதலிலிருந்து.

எங்கள் தலைவர் சென்னியப்பன் சார். கோபிசெட்டிபாளையத்துக்காரர். தலையில் காதோரம் மட்டும் கொஞ்சம் நரை. மீதி இடமெல்லாம் வெளிச்சம். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் 'ங்க' கூடும். "ஏனுங்க அம்மணி, இந்த அளவைக் கொஞ்சம் பாத்துட்டுத்தானுங்க எழுதுனீங்க?" என்று மூன்று 'ங்க' வந்தால் அன்று சாப்பாடு இறங்காது. மரியாதை அவருக்கு மனிதர்களோடு நிற்பதில்லை. வாயுக்களுக்கும் உண்டு, எடைக்குத் தக்கபடி. ஹீலியம் "அவன்". நைட்ரஜன் "அவரு". கார்பன் டை ஆக்ஸைடு வந்தால் "அய்யா வந்துட்டாருங்களா?" என்பார்.

வருகிறவர்களுக்கெல்லாம் அவர் ஒரே விளக்கத்தைச் சொல்வார்.

"தீபாவளிக்கு முந்துன ஞாயித்துக்கிழமை ஒப்பணக்கார வீதிக்குப் போனீங்கன்னா என்னாகும்? ஆள் மேல ஆள் மோதி, கூட்டம் தள்ளுற பக்கமே போவோமுங்க. பெரிய குழாய்ல வாயு போறது அப்படி. இப்ப ஒரு ஆள் மட்டும் நுழையற சந்துக்குள்ள போங்க. அங்க மோதறதுக்கு வேற ஆளே இல்லைங்க. செவுருதான். இந்தச் செவுத்துல மோதி, அந்தச் செவுத்துல மோதி. ஒவ்வொரு தடவை மோதும்போதும் எந்தப் பக்கம் போகக் கெளம்பினோம்னே அவருக்கு மறந்துபோயிருமுங்க. முன்னாடியும் போவாரு, வந்த வழியே திரும்பியும் போயிருவாரு."

சமையலறைக்குள் நுழைந்து எதற்கு வந்தேன் என்று நின்றுவிடும் எனக்கு இது உடனே புரிந்தது. நைட்ரஜன் மூலக்கூறு இன்னொன்றின் மேல் மோதுவதற்கு முன் சராசரியாக அறுபது, எழுபது நானோமீட்டர் போகும். எங்கள் துளையோ இருபது. ஆகவே அது சந்துதான்.

அடுத்து சார் தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்குவதுபோல் கையைக் கொண்டுபோவார். அங்கே இல்லாததால் காதோரம் போவார். "ஒரு முடியை மூவாயிரமாப் பொளந்தா, அதுல ஒரு பங்குதானுங்க நம்ம துளை." பார்வையாளர்கள் வியப்பார்கள். முடியை அவர் அத்தனை முறை உதாரணம் சொன்னார். அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால், முடி அதைக் கேட்டுக்கொண்டே இருந்ததோ என்று தோன்றுகிறது.

இன்னொன்று, லாக்புக். நீல மைதான். அழிக்கக் கூடாது, ஒட்டி மறைக்கக் கூடாது. தவறாக எழுதினால் படிக்கும்படி ஒற்றைக் கோடு போட்டு, மேலே சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கருவிக்குள் எது கிடைத்தாலும் அந்தப் பக்கத்திலேயே ஒட்ட வேண்டும். முதல் லாக்புக்கில் ஒரு எறும்பு இருக்கிறது. 'குழாய் அடைப்பு: காரணம்' என்று எழுதி அம்புக்குறி போட்டிருப்பார்கள். ஒருமுறை ஒட்டியதை யாரும் எடுக்கக் கூடாது. சாரும் எடுக்கக் கூடாது.

என் மூத்த மகள் சௌமி பிறந்து ஐந்தாவது மாதம் நான் வேலைக்குத் திரும்பினேன். உடம்பு ஆய்வுக்கூடத்தில், மனசு வீட்டில். ஆபீஸில் எழுத்தர் மேஜையில் இருந்த ஒரே போனில் தினம் நான்கு முறை வீட்டுக்குப் பேசுவேன். ஸ்டாப்வாட்சை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தூங்கும் குழந்தையின் மூச்சை எண்ணினேன். ஒரு நிமிடம் எண்ணுவேன். மூன்று முறை எண்ணிச் சராசரி எடுப்பேன். "புள்ளையத் தூங்க உடு சாமி, அது என்ன உம்பட குழாயா?" என்பார் அத்தை. வீட்டிலிருந்து நான் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனது குழந்தை ஷாம்பு. வேறு எந்தச் சோப்பிலும் அப்படி உடையாத படலம் வரவில்லை. சார் அதையும் லாக்புக்கில் எழுத வைத்தார்: 'குழந்தை ஷாம்பு, சுமதி வீட்டிலிருந்து.'

சௌமிக்குப் பதினோராம் மாதம் மொட்டை. அன்னூருக்குப் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயில். காலையில் என் அண்ணன் மடியில் உட்கார வைத்து முடி இறக்கினார்கள். சௌமி கோயில் மணியை மிஞ்சிக் கத்தினாள். முடித்த கையோடு அவளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். அவள் என் சேலையில் தலையைத் தேய்த்து அழுது தீர்த்தாள்.

அன்றைக்குத்தான் புதுத் தகடு தயாராகியிருந்தது. சார் வரச் சொல்லவில்லை. "முடிஞ்சா வாங்க, முடியலைன்னா நாளைக்குப் பாத்துக்கலாமுங்க" என்றுதான் சொன்னார். அந்த 'முடிஞ்சா' என்னை என்னவோ செய்தது. குழந்தையை அத்தையிடம் கொடுத்துவிட்டு, சாப்பிட்ட கையோடு பஸ் ஏறி, மத்தியானம் ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டேன். அதே சேலையோடு.

தகட்டைப் பூட்டும் கூட்டுக்கு 'செல்' என்று பெயர். உக்கடத்தில் பட்டறை வைத்திருக்கும் ஜமால் பாய் பித்தளையில் கடைந்து கொடுத்தது. இரண்டு பாதி. நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவு தகடு. இரண்டு ரப்பர் வளையம். வெளி வளையம் வாயு வெளியே கசியாமல் தடுக்கும். உள் வளையம் தகட்டின் ஓரத்தை அழுத்திப் பிடித்து, வாயு துளைகள் வழியாக மட்டுமே போகும்படி செய்யும். வளையத்தில் கிரீஸ் பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும் தடவ வேண்டும். தகடு அப்பளம் போல. விரலால் அழுத்தினால் போச்சு. இடுக்கியால் எடுத்து வைத்து, மேல் பாதியை மூடி, ஆறு போல்ட்டையும் எதிரெதிராக, ஒவ்வொன்றும் கால் சுற்றாக முறுக்க வேண்டும். அன்று எல்லாவற்றையும் நான் சரியாகச் செய்தேன். செய்ததாகத்தான் லாக்புக் சொல்கிறது.

மறுநாள் அளந்தோம். ஹீலியத்தைவிட நைட்ரஜன் ஏழு மடங்கு கனம். சந்தில் சுவரில் மட்டும் மோதிப் போகும்போது ஹீலியம் ஏழின் வர்க்கமூலம் மடங்கு, அதாவது 2.65 மடங்கு வேகமாக வர வேண்டும். எங்களுக்கு 1.9 வந்தது. ஹீலியம் குறையவில்லை. நைட்ரஜன்தான் கணக்கைப் போல ஒன்றே முக்கால் மடங்கு வந்துகொண்டிருந்தது.

சென்னியப்பன் சார் தாளை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மணி, அவரு செவுத்துல மோதலைங்க. சறுக்கறாருங்க."

துளையின் உள்சுவர் அவ்வளவு வழுவழுப்பாக இருக்கிறது. அதனால் மூலக்கூறு மோதியதும் திசையை மறக்காமல் வழுக்கிக்கொண்டு முன்னே போகிறது என்பது அவர் எண்ணம். அப்படி நடந்தால் அது பெரிய விஷயம். இருபத்தைந்து வருடம் அவர் மற்றவர்கள் சொன்னது சரி என்றுதான் அளந்து சொல்லிக்கொண்டிருந்தார். இது அவருடையது. அன்று மாலை எல்லாருக்கும் தேங்காய் பன் வந்தது. மறுநாளும் வந்தது. மெட்ராஸில் நடக்கும் கருத்தரங்கில் இருபது நிமிடம் பேச அவருக்கு இடம் இருந்தது. பழைய தலைப்பை மாற்றி, 'நைட்ரஜனின் சறுக்கல்' என்று புதிதாக அனுப்பினார். தினமும் ஒரு தேங்காய் பன் மேசையில் இருந்தது. நான் மட்டும் நான்காவது நாளிலிருந்து பன்னைத் தின்றுகொண்டே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன்.

என் சந்தேகம் இதுதான். சுவரில் மட்டும் மோதிப் போகிறவர்களுக்குக் கூட்டம் ஒரு பொருட்டில்லை. ஒவ்வொருவரும் தனியாகப் போகிறார்கள். ஆகவே தள்ளும் அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் ஓட்டமும் சரியாக இரட்டிப்பாக வேண்டும். சார் தேநீர் குடிக்கப் போன நேரங்களில் நான் அளந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டு மடங்கைவிடக் கொஞ்சம் கூடுதலாக வந்தது. கொஞ்சம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும். அப்படியானால் எங்கோ ஓரிடத்தில் ஆள் ஆளைத் தள்ளிக்கொண்டு போகிறது. ஆள் ஆளைத் தள்ளும் இடம் சந்தாக இருக்க முடியாது. எங்கோ ஒரு வீதி திறந்திருக்கிறது.

செல்லைச் சுற்றிச் சோப்புக் கரைசல் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. வெளி வளையம் சரி. அப்படியானால் உள் வளையமா? அதைப் பார்க்கச் செல்லைத் திறக்க வேண்டும். திறந்தால் அப்பளம் உடையலாம். உடைந்தால் சாரின் சறுக்கலுக்கு ஒரே சாட்சி போய்விடும். அதுவும் என் சந்தேக புத்தியால். என் வேலையோ வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வேலை. அந்தப் படிவம் சாரின் மேசையில்தான் இருந்தது, கையெழுத்துக்காக.

முதலில் ஜமால் பாயிடம் போனேன். செல்லின் அதே அளவில் அவர் ஒரு உபரிப் பாதி செய்து வைத்திருந்தார்.

"பாய், உள் வளையம் உக்காரற இடம் சமமா இருக்குங்களா?"

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். சமதளப் பலகையில் நீல மையைப் பூசி, பித்தளைப் பாதியை அதன் மேல் ஒரு முறை தேய்த்து, திருப்பிக் காட்டினார். வட்டம் முழுவதும் ஒரே நீலம், எங்கும் பள்ளம் இல்லை.

"ஒரு எடத்துலயாச்சும் பித்தளை தெரியுதா தங்கச்சி? எம் மேல சந்தேகமா?"

"இல்லைங்க பாய். எம் மேலதாங்க சந்தேகம்."

"அப்புறம் எதுக்கு எம்பட பட்டறைக்கு வந்தீங்க? உங்கூட்டுக்கே போயிருக்கலாமே!" லேத்துக்குத் திரும்பியவர், நின்று கேட்டார். "வளையத்துக்கு அடியில என்னத்த வெச்சீங்க?"

"ஒண்ணும் வெக்கலைங்க."

"வெச்சவிய ஒருத்தரும் வெச்சேன்னு சொன்னதில்ல" என்றார்.

வீட்டில் அத்தை என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார். தோட்டத்து மோட்டாரோடு முப்பது வருடம் மல்லுக்கட்டியவர். நான் நானோமீட்டர், வர்க்கமூலம் எல்லாம் விட்டுவிட்டு, வெளியே கசிவில்லை, உள்ளே ஓட்டம் கூடுகிறது என்று மட்டும் சொன்னேன்.

"ஜாயின்ட்டக் கழட்டிப் பாக்கோணும். வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கும். உள்ள வாஷர்ல ஒரு பொடி மணல் இருக்கும். இதுக்கா மூணு நாளா சோறு உங்காம இருக்கற?"

"கழட்டினா ஒடைஞ்சுபோட்டா என்ன பண்றதுங்க அத்தை?"

"ஒடைஞ்சா ஒடைஞ்சுது. ஓட்டை மோட்டாரை வெச்சுட்டுத் தண்ணி வருது தண்ணி வருதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டுத் திரியறதுக்கு அது தேவல."

என் கணவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "அந்தாளு மெட்ராஸ்ல போய்ச் சொல்லப் போறாரும்மா" என்றார். "ஐயோ பாவம்" என்றார் அத்தை.

சார் ரயில் ஏறுவதற்கு மூன்று நாள் இருந்தது. காலையில் என் அளவுகளைத் தாளில் வரைந்து கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். ஓட்டத்தை அழுத்தத்தால் வகுத்து வரைந்தால் படுக்கையாக இருக்க வேண்டிய கோடு, எழுந்திருக்க முயல்வது போல ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது.

"இது எப்ப எடுத்ததுங்க?"

"நீங்க டீக்குப் போறப்பங்க சார்."

"எத்தனை டீங்க?"

"பதினாலுங்க சார்."

அவர் கோட்டையே பார்த்தார். "சறுக்கினாலும் அழுத்தத்துக்குத் தக்கபடி மாறலாமுங்களே."

"மாறலாமுங்க சார். ஆனா கூடுதலா வர்றதை மட்டும் பிரிச்சுப் பாத்தேனுங்க. அதுல ஹீலியமும் நைட்ரஜனும் கிட்டத்தட்ட ஒரே அளவு வருதுங்க. சந்துல அப்படி வராதுங்களே. பெரிய ஓட்டையிலதானுங்க..." தாளின் ஓரத்தை மடித்தேன். "நான் தப்பாவும் இருக்கலாமுங்க சார். எப்பவும் எனக்கு இப்படித்தானுங்க. புள்ள தூங்கினாக்கூட மூச்சு எண்ணுவேனுங்க."

"அது சரியா இருக்குதுங்களா?"

"எதுங்க சார்?"

"மூச்சு."

"இருக்குதுங்க சார்."

சார் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். முழுக்கைச் சட்டையை மடித்தார். "ஸ்பேனர் எடுங்க" என்றார். அதில் ஒரு 'ங்க' மட்டுமே இருந்தது. அது கோபமா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஆறு போல்ட்டையும் எதிரெதிராகக் கால் கால் சுற்றாகத் தளர்த்தினார். மேல் பாதியை எடுத்தார். தகட்டின் ஓரத்தில் இடுக்கியை நுழைத்து மெல்லத் தூக்கினார். தகடு உடையவில்லை. அதை வெள்ளைத் தாளில் வைத்துவிட்டுக் கூட்டைக் குனிந்து பார்த்தார். நானும் குனிந்தேன்.

உள் வளையத்தின் குறுக்கே, ஓரத்திலிருந்து நடுவுக்கு, ஒரு முடி கிடந்தது.

மூலக்கூறுக்கு முடி என்பது மலை. மலையின் இரு அடிவாரத்திலும் ரப்பர் ஒட்டாமல் விட்ட இடம்தான் ஒப்பணக்கார வீதி. நைட்ரஜன் அந்த வழியாகக் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். சுவரில் சறுக்கவெல்லாம் இல்லை.

சார் இடுக்கியைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்:

"ஏனுங்க அம்மணி, இந்த முடிக்குத்தானுங்களா நாம பதினோரு நாளாத் தேங்காய் பன் தின்னமுங்க?"

யாருடைய முடி என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை. அதுதான் அவர். நானே நுண்ணோக்கியின் கீழே வைத்தேன். என் தலைமுடி நீளம். இது மூன்று விரற்கடை. ஜமால் பாயின் தாடி மருதாணிச் சிவப்பு, இது பழுப்பு. சாரைச் சந்தேகிக்க வழியே இல்லை. ஒரு முனை சவரக் கத்தியால் நறுக்கென்று வெட்டப்பட்டிருந்தது. மற்ற முனை மெலிந்து மெலிந்து கூர்மையாக முடிந்திருந்தது. பிறந்ததிலிருந்து கத்தரியே படாத முடிக்குத்தான் அப்படி முனை இருக்கும். என் தோளும், சேலையும், சௌமி தலையைத் தேய்த்து அழுததும் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"சார், எங்க பாப்பாவோடதுங்க" என்றேன். அழுதேன் என்று எழுத வேண்டாம் என்று பார்த்தேன். லாக்புக் பழக்கம், எழுதிவிட்டேன்.

அவர் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். பிறகு அதை யோசித்துத் திரும்ப வாங்கிக்கொண்டு, "நூல் விழும், லென்ஸ் தொடைக்கிற தாளை எடுத்துக்கோங்க" என்று அதைக் கொடுத்தார்.

அதே தகட்டை, துடைத்த வளையத்தில், தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு மறுபடி பூட்டினேன். மறுநாள் அளந்தோம். 2.6. கோடு படுத்துக்கொண்டது. சார் அதைப் பார்த்து, மூன்று வரி லாக்புக்கில் எழுதி, முடியைக் கண்ணாடி டேப்பால் ஒட்டி அம்புக்குறி போட்டார். 'நைட்ரஜன் சறுக்கல்: காரணம்.'

மெட்ராஸுக்கு அவர் போனார். போகாமல் இருந்துவிடுவார் என்று நினைத்திருந்தேன். திரையில் காட்டும் தன் முதல் ஒளித்தாளில் 'நைட்ரஜனின் சறுக்கல்' என்ற தலைப்பை அழிக்கவில்லை. படிக்கும்படி ஒற்றைக் கோடு போட்டு, மேலே 'உள் கசிவைக் கண்டுபிடிக்கும் ஒரு முறை' என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கூட்டத்தில் சிரித்தார்களாம். சிரித்து முடித்ததும், ஆறு பேர் எழுந்து தங்கள் செல்லிலும் இப்படிப் பார்க்க வேண்டும் என்று விவரம் கேட்டார்களாம். இருபது நிமிடப் பேச்சு நாற்பது நிமிடம் போனதாம். திரும்பி வந்த அன்று என் புதுப்பித்தல் படிவம் என் மேசையில் இருந்தது. 'சிறப்புத் தகுதி' என்ற கட்டத்தில் அவர் ஒரு சொல் எழுதியிருந்தார்: 'சந்தேகப்படுவார்.'

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வீட்டில் நான் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அத்தை கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"சாமிக்குக் குடுத்த முடியில ஒண்ணு வெளிய கெடக்குதா?"

"லாக்புக்குல ஒட்டிட்டாங்க அத்தை."

"பிச்சுக் கொண்டா. கோயில்ல கொண்டுபோய்ப் போட்டுட்டு வாரேன்."

"ஒட்டினதை எடுக்கக் கூடாதுங்க. சட்டம்."

"யாரு சட்டம்?"

சாருடையது என்றேன். மறுநாள் காலை பதினொரு மணிக்கு அத்தை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, சௌமியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆய்வுக்கூட வாசலில் நின்றார். சார் எழுந்து நாற்காலி போட்டார். இரண்டு பேரும் ஊர் விசாரித்தார்கள். கோபியில் யாரோ இருவருக்கும் சொந்தம் என்று தெரிந்தது. பிறகு போர் தொடங்கியது.

"முடி சாமியோடதுங்க" என்றார் அத்தை.

"வாஸ்தவமுங்க. ஆனா இப்ப அது சாட்சிங்க" என்றார் சார்.

"சாட்சிக்கு எறும்பு இருக்குதாமே, அது பத்தாதுங்களா?"

"எறும்பு வேற கேசுங்க."

"நாளைக்குப் புள்ளைக்குக் காச்சல் வந்தா உங்க புஸ்தகம் வந்து பத்துப் போடுமுங்களா?"

'ங்க' கூடிக்கொண்டே போனது, இரண்டு பக்கமும். நான் அளவு எடுப்பதுபோல் குமிழிக் குழாயின் மட்டத்தில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். சௌமி மட்டும் டேப்புக்குள் இருந்த தன் முடியைத் தொட்டுப் பார்க்க விரும்பினாள்.

கடைசியில் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, முடிக்கு ரெண்டு முனைங்க. வெட்டுப்பட்ட முனை கசிவுக்குச் சாட்சி. கூர் முனை கோயில்ல சேரட்டுங்க. நான் கத்தரிச்சுத் தர்றேன். ஆனா எடுத்ததை எழுதி, வாங்கினவங்க கையெழுத்துப் போடணுமுங்க."

அத்தை யோசித்தார். சௌமியை என்னிடம் கொடுத்தார். பேனாவை வாங்கி, நீல மைதானா என்று எழுதிப் பார்த்துக்கொண்டு, தன் பள்ளிக்கூடக் கையெழுத்தில், ஒரு எழுத்துகூட விடாமல் எழுதினார். சார் பாதி முடியை ஒரு வெள்ளைத் தாளில் மடித்து, அதன் மேல் 'மாதிரி 3, பகுதி ஆ' என்று எழுதிக் கொடுத்தார். அது அப்படியே உண்டியலில் விழுந்தது. சாமி அதைப் படித்திருந்தால் கொஞ்சம் குழம்பியிருக்கும்.

கவிதா, நீ கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். அடுத்த மாதம் பெரியவளுக்குச் செய்த அதே கோயிலில் சின்னவனுக்கு மொட்டை. துறையில் எல்லாரும் அவசியம் வர வேண்டும். அத்தை தன் பெயரைச் சொல்லித்தான் அழைக்கச் சொன்னார். சார் முதல் ஆளாக வருவதாகச் சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை, அதுவும் அவர் போட்டதுதான்: வந்துவிட்டுப் போகிறவர்கள் யாரும் அன்றைக்கு மத்தியானம் செல்லைப் பூட்டக் கூடாது.